கருவிகளைக் கட்டுவதும் கொண்டுபோவதும்: ஒரே லிஃப்ட் உள்ள மருத்துவமனைக்கு ஒரு பதில்

60 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஓ.டி. (அறுவை அரங்கு) இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டது இது. ஓ.டி. மூன்றாவது மாடியில், கருவிகளைக் கழுவிக் கட்டிக் கிருமி நீக்கும் பிரிவான சிஎஸ்எஸ்டி தரைத்தளத்தில். இருப்பது ஒரே லிஃப்ட். ஒரு ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகள் சேர்ந்த செட்டுகளைப் பச்சைத் துணியில் கட்டுகிறார்கள், சில்லறைச் சாமான்கள் டிரம் எனும் உருண்டை டப்பாவில் போகின்றன. பவுச் வாங்கலாமா, அழுக்குக் கருவியையும் சுத்தமானதையும் எப்படி ஏற்றி இறக்குவது, கட்டியது எத்தனை நாள் தாங்கும் என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "ஆட்டோகிளேவ் நன்றாகத்தான் ஓடுகிறது, பயாலஜிக்கல் இண்டிகேட்டர் எல்லாம் பாஸ். ஆனாலும் தையல் போட்ட இடத்தில் அவ்வப்போது சீழ் பிடிக்கிறது."

சிஸ்டர், அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சீழ் பிடிக்கப் பத்துக் காரணம் இருக்கலாம். நோயாளியின் சர்க்கரை, ஆன்டிபயாட்டிக் போட்ட நேரம், கை கழுவிய விதம் என்று எதுவும் இருக்கலாம். கருவிதான் குற்றவாளி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் இண்டிகேட்டர் பாஸ் என்றால் அந்தச் சிறு குப்பிக்குள் இருந்த, சூட்டை நன்றாகத் தாங்கும் ஜியோபேசிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் செத்துவிட்டன, அதாவது அந்த லோடில் நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரமான ஆட்டோகிளேவ் தன் வேலையைச் செய்தது என்று மட்டும்தான் பொருள். அதற்குப் பிறகு செட் சூடாக வெளியே வருகிறது, யாரோ கையில் எடுக்கிறார், டிராலியில் ஏறுகிறது, சாப்பாட்டு வண்டி இறங்கிய லிஃப்ட்டில் மேலே போகிறது, அலமாரியில் பத்து நாள் கிடக்கிறது. இந்தப் பயணத்தை எந்த இண்டிகேட்டரும் கூட வந்து பார்ப்பதில்லை. 19 வருடமாக சிஎஸ்எஸ்டியில் இருக்கிறேன். நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை ஆட்டோகிளேவுக்குள் நுழைவதற்கு முன்போ, வெளியே வந்த பிறகோ நடந்தவை.

அதனால் அழுக்குப் பயணத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் கட்டுவதைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் ரத்தம் காய்ந்துபோய் வந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) எவ்வளவு நல்ல துணியில் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. அந்த மூட்டுக்குள் காய்ந்த ரத்தம் இருந்தால் நீராவி அதற்கு அடியில் போகாது.

கேஸ் முடிந்ததும், ஆபரேஷனில் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். பிளேடு, ஊசி இரண்டையும் அவரே கழற்றி வெள்ளை நிற ஷார்ப்ஸ் டப்பாவில் போட வேண்டும். கீழே கழுவுகிறவருக்கு அதை விட்டுவைப்பது பெரிய பாவம். எங்கள் பிரிவில் நடந்த ஊசிக்குத்துகள் பலவும் துணி மடிப்பில் ஒளிந்து வந்த ஊசியால்தான். பிறகு கருவிகளை ஈர காஸால் ஒரு துடைப்பு, சக்‌ஷன் டிப்பில் தண்ணீர் விட்டு ஒரு இழுப்பு, மூட்டுகளைத் திறந்து வைப்பது, மேலே என்சைம் ஸ்ப்ரே. ஸ்ப்ரே வாங்க முடியாதா, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே போர்த்தி மூடியைப் போடுங்கள். ஈரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நார்மல் சலைன் வேண்டாம். கையருகே பாட்டில் இருக்கிறதே என்று ஊற்றிவிடுவார்கள். உப்பு ஸ்டீலைத் தின்னும். ஆறு மாதத்தில் ஊசி முனையளவு கருப்புப் புள்ளிகள் தெரியும், அந்தக் குழிக்குள் அழுக்கு தங்கும்.

பிளீச்சிங் கரைசலும் அப்படித்தான். 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்த பிறகே கழுவ வேண்டும் என்று பயிற்சியில் படித்த தலைமுறை நாம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கையேடு அதை வேண்டாம் என்கிறது. ரத்தமும் புரதமும் குளோரினைச் செயலிழக்கச் செய்கின்றன, கருவி அரிக்கிறது, கரைசல் தளும்பும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பது தனி ஆபத்து. கழுவுகிறவரைக் காப்பாற்றுவது தடித்த கையுறை, ஏப்ரன், முகத்துக்குக் கவசம். இதை உங்கள் மேட்ரனிடம் சொன்னால் முதலில் சண்டைதான் வரும். எனக்கும் வந்தது.

அழுக்குக் கருவி போகும் பெட்டிக்கு நான்கு குணம் வேண்டும்: ஒழுகக் கூடாது, குத்தினால் ஓட்டை விழக் கூடாது, மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும், உள்ளே இருப்பது தொற்றுப் பொருள் என்று வெளியே தெரிய வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் பெட்டி தேவையில்லை. பாத்திரக் கடையில் பக்கவாட்டில் கிளிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. இரண்டு வாங்கி பயோஹசார்ட் ஸ்டிக்கர் ஒட்டி, தினமும் கழுவி உலர்த்திப் பயன்படுத்துங்கள். கனமான ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) அடியில், மெல்லிய கருவி மேலே. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி டெலஸ்கோப் இருந்தால் அதற்குத் தனிப் பெட்டி. டெலஸ்கோப் மேல் எலும்பு உளியைப் போட்டு அனுப்பிய ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மங்கலாகத் தெரிகிறது என்று சர்ஜன் அடுத்த கேஸில் சத்தம் போட்டபோதுதான் லென்ஸில் விரிசல் விழுந்திருப்பது தெரிந்தது. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

இனி கட்டுவது. கட்டும் துணியோ தாளோ ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். உள்ளே நீராவி போக வேண்டும், திரும்ப வெளியே வர வேண்டும். அப்புறம் தூசியும் கிருமியும் உள்ளே போகக் கூடாது. பாலிதீன் கவரில் கட்டினால் இரண்டாவது நடக்கும், முதலாவது நடக்காது. பழைய சேலைத் துணியில் கட்டினால் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் ஐஎஸ்ஓ 11607 தரத்தின் சாரம்.

உங்கள் பச்சைத் துணியை உடனே தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஒரு சதுர அங்குலத்தில் 140 நூல் இருக்கும் நெருக்கமான காட்டன், இரண்டு மடிப்பாகத் தைத்த துணி இரண்டு, ஆக நான்கு அடுக்கு. இதுதான் பழைய கணக்கு, இன்றும் செல்லும். சிக்கல் துணியில் இல்லை, அதைப் பராமரிப்பதில். துவைக்கத் துவைக்க நூல் மெலிகிறது. ஒவ்வொரு முறை கட்டுவதற்கு முன்பும் துணியை டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். டவல் கிளிப் குத்திய ஓட்டை ஊசித் துவாரமாகத்தான் இருக்கும், மேசை மேல் விரித்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே நட்சத்திரம் மாதிரி மின்னும். அந்த இடத்தில் ஊசி நூல் கொண்டு தைக்கவே கூடாது, தையல் ஓட்டையும் ஓட்டைதான். எங்கள் பிரிவில் முதன்முதலாக இப்படிப் பார்த்த அன்று மூன்றில் ஒரு துணி ஒதுங்கியது. லினன் இன்சார்ஜ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

துணியைப் பற்றி இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒருமுறை ஆட்டோகிளேவ் ஆன துணியைத் துவைக்காமல் அப்படியே திரும்பக் கட்டிப் போடக் கூடாது. காட்டனுக்குள் இயல்பாக இருக்கும் ஈரம் முதல் சுற்றிலேயே போய்விடுகிறது. காய்ந்த நூல் அடுத்த முறை நீராவியை உறிஞ்சும்போது தானே சூடேறி, உள்ளே இருக்கும் நீராவியை உலர்ந்த ஆவியாக்கிவிடும். உலர்ந்த ஆவிக்குக் கிருமியைக் கொல்லும் வேகம் குறைவு. கேஸ் கேன்சல் ஆனது, திறக்காத செட்தானே, தேதி மட்டும் மாற்றித் திரும்ப ஓட்டுவோம் என்று செய்கிற இடங்கள் உண்டு. பிரித்து, புதுத் துணியில் கட்டித்தான் போட வேண்டும்.

துணிக்கு மாற்றாக எஸ்எம்எஸ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். அது பாலிப்ரொப்பிலின் இழைகளை மூன்று அடுக்காக அழுத்திய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஷீட். நடு அடுக்குதான் கிருமியைத் தடுக்கிறது. தண்ணீர் எளிதில் ஊறாது, பஞ்சு உதிராது. பெரிய செட்டுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு ஷீட்டின் விலையைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளிக்கும். துணியைத் துவைக்கும் தண்ணீர், சோப்பு, கரண்ட், பார்த்துப் பார்த்துக் கழிக்கும் ஆள் கூலி எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுங்கள்.

பவுச் ஒன்றிரண்டு கருவிகளுக்கு மட்டும். ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் பிளாஸ்டிக். நீராவி தாள் பக்கமாகத்தான் போய் வருகிறது. அதனால் அடுக்கும்போது தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல், கூடையில் புத்தகம் போல நிமிர்த்தி, ஒன்றின் தாள் அடுத்ததன் பிளாஸ்டிக்கைப் பார்க்கும்படி வையுங்கள். பேனாவில் எழுதுவது பிளாஸ்டிக் பக்கம், அதுவும் சீலுக்கு வெளியே இருக்கும் ஓரத்தில். தாளில் பால்பாயின்ட் அழுத்தினால் கிழியும், மை ஊறும். கருவியின் பிடி, உரித்துத் திறக்கும் பக்கம் இருக்க வேண்டும். முனை அந்தப் பக்கம் இருந்தால் உரிக்கும்போது கையைக் குத்தும், இல்லையென்றால் தாளைக் கிழித்துக்கொண்டு வரும். கூர்முனைக் கருவிக்கு ஓட்டை போட்ட டிப் கார்டு போடுங்கள். கார்டு இல்லை என்று சலைன் டியூபை வெட்டிச் செருகுகிற பழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அது இறுகப் பிடித்துக்கொண்டால் நீராவி முனையைத் தொடுவதே இல்லை. அரை கிலோ ரிட்ராக்டரைப் பவுச்சில் போடாதீர்கள், சீல் பிரியும்.

நீராவிக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்கும் பிளாஸ்மா இயந்திரம் வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அதில் தாள், காட்டன், காஸ் எதுவும் போகக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாள் உறிஞ்சிவிடும், சைக்கிள் பாதியில் நின்றுவிடும். அதற்குப் பிளாஸ்டிக் இழையாலான டைவெக் பவுச், இல்லையென்றால் எஸ்எம்எஸ். கருவியும் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

செட் கட்டும்போது எடையைப் பாருங்கள். கண்டெய்னர், டிரே, கருவி எல்லாம் சேர்த்து 11 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரம். நம்மூர் ஆர்த்தோ (எலும்பு ஆபரேஷன்) செட்டுகள் சாதாரணமாகப் 15 கிலோ இருக்கும். கனமான இரும்பின் மேல் நீராவி அதிகமாகத் தண்ணீராகும், அந்தத் தண்ணீர் காய நேரம் போதாது, செட் நனைந்து வரும். தூக்குகிற ஆயாவின் முதுகும் போகும். இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கிட்னி டிரே, பௌல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி இருக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தேங்கும். ஒன்றுக்குள் ஒன்று போகும் பௌல்களுக்கு நடுவே ஒரு காஸ். ஃபோர்செப்ஸ்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம், ஸ்ட்ரிங்கர் என்ற கம்பியில் கோத்துத் திறந்த நிலையில் வையுங்கள். நடுவில், நீராவி, சூடு, நேரம் மூன்றும் போதிய அளவு கிடைத்ததா என்று காட்டும் ஐந்தாம் வகை இண்டிகேட்டர் பட்டை ஒன்று.

மடிப்பு உங்களுக்குத் தெரியும், ஆனாலும் புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வசதியாக எழுதுகிறேன். துணியை மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, டிரேயைக் குறுக்காக நடுவில் வையுங்கள். உங்களுக்குப் பக்கத்து மூலையை முதலில் டிரே மேல் போட்டு, நுனியை மட்டும் உங்கள் பக்கமாகத் திருப்பி ஒரு காது விடுங்கள். பிறகு இடது, வலது, இரண்டுக்கும் காது. கடைசியாகத் தூரத்து மூலை, அதன் நுனியை உள்ளே செருக வேண்டும். அதே மாதிரி இரண்டாவது துணி. ரொம்ப இறுக்கினால் நீராவி போகாது, டிரேயின் மூலை குத்திக் கிழிக்கும். ரொம்பத் தளர்ந்தால் அவிழும். திறக்கும்போது செருகிய நுனியை இழுத்தால் முதல் மடிப்பு உங்களை விட்டு விலகித் திறக்கும், உங்கள் பக்கத்து மடிப்பு கடைசியில். இதனால் திறந்த செட்டுக்கு மேலே உங்கள் கை போகவே போகாது. காது விடுவதும் அதற்குத்தான், உள்பக்கத்தைத் தொடாமல் பிடித்து இழுக்க.

மேலே ஒட்டுவது ஆட்டோகிளேவ் டேப் மட்டும். குண்டூசி, ஸ்டேப்ளர், சணல் கயிறு எதுவும் கூடாது. டேப்பில் கருப்புக் கோடு வந்துவிட்டால் ஸ்டெரைல் (கிருமியற்றது) என்று நினைப்பவர்கள் டாக்டர்களிலேயே இருக்கிறார்கள். கோடு வந்தால் அந்தப் பேக் சூட்டைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். 1963இல் பௌவி, டிக் என்ற இருவர் டவல் கட்டின் நடுவில் இந்த டேப்பைச் சிலுவையாக ஒட்டிப் போட்டுத்தான் இயந்திரத்துக்குள் காற்று மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நடுவில் நிறம் மாறாமல் நின்ற இடம் காற்றைக் காட்டிக்கொடுத்தது. இன்று தினம் காலையில் வாக்யூம் ஆட்டோகிளேவுக்குப் போடும் பௌவி-டிக் டெஸ்ட் அதன் வாரிசு. வெளியே ஒட்டுகிற டேப்புக்கும் உள்ளே வைக்கிற டேப்புக்கும் இத்தனை வித்தியாசம். டேப் மேல் செட் பெயர், இயந்திர எண், லோடு எண், தேதி, கட்டியவர் பெயர். இதில் ஏதாவது ஒன்றிரண்டை விடுவதுதான் வழக்கம். விடாதீர்கள். ஏதாவது ஒரு லோடு தவறு என்று தெரிந்தால் எந்தெந்த செட்டைத் திரும்ப வாங்குவது என்று தெரிய வேண்டாமா?

இப்போது, நான் உண்மையிலேயே பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஆட்டோகிளேவ் கதவு திறக்கிறது. மேலிருந்து போன்: "செட் ஆச்சா?" டெக்னீஷியன் சூடான பேக்கைக் கையுறையோடு தூக்கி ஸ்டீல் மேசையில் வைக்கிறார். குளிர்ந்த ஸ்டீல் பட்டதும் பேக்குக்கு அடியில் ஆவி தண்ணீராகிறது. ஈரமான துணியில் கிருமி நடந்து போக வேண்டியதில்லை, தண்ணீரோடு நீந்தி உள்ளே போகும். அவருடைய விரல் பட்ட இடத்திலிருந்தும், மேசையிலிருந்தும். இதைத்தான் ஈர பேக் என்கிறோம். கைக்கு ஈரம் தட்டினால், டேப்புக்கு அடியில் துளி தெரிந்தால், திறந்ததும் டிரேயில் தண்ணீர் இருந்தால், அது ஸ்டெரைல் இல்லை. காய வைத்துக் கொடுப்பது என்று ஒன்று இல்லை, திரும்பக் கட்டித் திரும்பப் போட வேண்டும். லோடு முடிந்ததும் வண்டியோடு வெளியே இழுத்து, ஃபேன் காற்றோ ஏசி காற்றோ நேராகப் படாத இடத்தில் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். சின்ன லோடுக்கு அரை மணி, ஆர்த்தோ செட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரம் யாரும் தொடக் கூடாது. ஓ.டி. லிஸ்ட்டை இதற்கேற்ப அமைப்பது உங்கள் கையில் இருக்கிறது, கீழே இருப்பவர் கையில் இல்லை. ஒரே செட்டை வைத்துக்கொண்டு ஒரே காலையில் மூன்று ஹெர்னியா போட்டால் கீழே என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு செட் வாங்கச் சொல்லிப் போராடுங்கள். அதுதான் பவுச்சைவிட அவசரம்.

லிஃப்ட். அழுக்குக்கு ஒன்று, சுத்தத்துக்கு ஒன்று என்று புத்தகம் சொல்லும். ஒரே லிஃப்ட்டுக்கு நாங்கள் முன்பு இருந்த கட்டிடத்தில் செய்தது இது: காலையில் முதல் சவாரி சுத்தமான செட்டுகளுக்கு, சாப்பாட்டு வண்டி ஏறுவதற்கு முன். லிஃப்ட் தரையும் சுவரும் பட்டனும் துடைத்த கையோடு டிராலி ஏறும். அழுக்குப் பெட்டி இறங்க மதியம் ஒன்று, மாலை ஒன்று என இரண்டு நேரம், இறங்கியதும் மறுபடி துடைப்பு. டிராலி லிஃப்ட்டில் இருக்கும்போது வேறு யாரும் ஏறக் கூடாது. அட்டெண்டர் ஆரம்பத்தில் சங்கடப்பட்டார், ஒரு அட்டையில் எழுதி டிராலி முன்னால் தொங்கவிட்டதும் சரியாயிற்று. அழுக்குப் பெட்டியைக் கொண்டுபோகிறவர் ஒரு கையில் மட்டும் கையுறை போடுவார். அந்தக் கை பெட்டிக்கு, வெறும் கை லிஃப்ட் பட்டனுக்கும் கதவுப் பிடிக்கும். இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தனக்குப் பாதுகாப்பு, பின்னால் வருகிற விசிட்டருக்கு ரத்தம்.

சுத்தமான செட் போகும் டிராலி நான்கு பக்கமும் மூடியதாக இருக்க வேண்டும். திறந்த டிராலிதான் இருக்கிறது என்றால் கழுவக்கூடிய உறை தைத்துப் போடுங்கள், ஆனால் அடித்தட்டு மட்டும் கட்டாயம் முழுத் தகடாக இருக்க வேண்டும். கம்பித் தட்டாக இருந்தால் சக்கரம் கிளப்புகிற தரைத் தண்ணீரும் தூசியும் நேராகக் கீழ் பேக்கில் படும். அழுக்கும் சுத்தமும் ஒரே சவாரியில் மேல்தட்டு கீழ்தட்டாகப் போவதை நான் பெரிய இடங்களிலும் பார்த்திருக்கிறேன். ஒரே டிராலிதான் என்றால் நடுவில் கழுவி உலர்த்தியே ஆக வேண்டும். இரண்டு வாங்கி, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை அடித்துவிடுங்கள். பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறுவது, அக்குளில் இடுக்கிக்கொள்வது, இரண்டு செட்டை அடுக்கி மேலே மோவாயை வைத்துப் பிடிப்பது, இதெல்லாம் வேண்டாம். இழுக்காதீர்கள், தூக்குங்கள். கனமான செட்டை அலமாரித் தட்டில் இழுத்தால் அடிமூலைதான் கிழிகிறது, அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் அலமாரி. தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரம், கூரையிலிருந்து 45 செ.மீ. இடைவெளி, வெளிச்சுவரிலிருந்து 5 செ.மீ. விலகல். 24 டிகிரிக்கு மேல் போகாத சூடு, 70 சதவீதத்துக்கு மேல் போகாத ஈரப்பதம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் என்று கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்குக் கடைசிக் கணக்குதான் தலைவலி. ஐப்பசி மழையில் ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போனால் காலையில் தாள் பவுச் நமுத்த அப்பளம் மாதிரி இருக்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டி, காலை மாலை எழுதி வையுங்கள். சிங்குக்கு அடியிலோ, தண்ணீர்க் குழாய் போகும் இடத்திலோ அலமாரி இருந்தால் இன்றே மாற்றுங்கள். அட்டைப்பெட்டிக்கு அங்கே இடம் கிடையாது.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார்கள். நான்கு அடுக்குக் காட்டன் குறைந்தது 30 நாள் தாங்கியதாகவும், சூட்டில் சீல் வைத்த பவுச் 9 மாதம்வரை தாங்கியதாகவும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் 2008 வழிகாட்டி பதிவு செய்திருக்கிறது. ஆனால் ஒரு பேக்கை கெடுப்பது நாள் அல்ல, அதற்கு நேர்ந்த சம்பவம். நனைந்ததா, கிழிந்ததா, தரையில் விழுந்ததா, பத்துப் பேர் எடுத்துப் பார்த்து வைத்தார்களா. நேற்றுக் கட்டியது இன்று விழுந்தால் இன்றே போயிற்று. இந்தச் சம்பவக் கணக்கை நம்பி நடத்த அலமாரியும் ஆட்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் துணிக்கு ஒரு கெடு வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழையது முன்னால், புதியது பின்னால். 30 நாளில் எடுக்காத செட் எது என்று பார்த்தால், அந்தச் செட் உண்மையில் தேவையா என்பதும் தெரியவரும்.

கேட்காததை ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்த்தோ கேஸுக்குக் கம்பெனி செட் வருமே, பிளேட்டும் ஸ்க்ரூவும். பையன் ராத்திரி பைக்கில் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வருவான், "நேற்று அங்கே ஸ்டெரைல் பண்ணியதுதான் சிஸ்டர், திறக்கவே இல்லை" என்பான். நல்ல பையன்தான், பொய் சொல்கிறான் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டி எந்த மருத்துவமனையில் எப்படிக் கழுவப்பட்டது என்று அவனுக்கே தெரியாது. ஒருமுறை அப்படி வந்த டிரேயைத் திறந்தபோது டிரில் பிட்டின் புரிக்குள் எலும்புத் துகள் வெள்ளையாக இருந்தது. இம்ப்ளான்ட் உடம்புக்குள்ளேயே தங்கப்போகிற பொருள். அதனால் எதுவாக இருந்தாலும் எண்ணி வாங்கி, முழுக்கக் கழுவி, கட்டி, உங்கள் ஆட்டோகிளேவில் போட்டு, இம்ப்ளான்ட் லோடில் பயாலஜிக்கல் இண்டிகேட்டர் முடிவு வந்த பிறகே மேலே அனுப்புங்கள். அதற்கு 24 மணி நேரமாவது முன்னால் செட் வர வேண்டும். சர்ஜனிடம் இதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டிரம். பக்கவாட்டில் ஓட்டையும், அதை மூடித் திறக்கும் தகடும் உள்ள அந்த உருண்டை டப்பாவில்தான் நம் தொழில் வளர்ந்தது. அதில் இரண்டு வினை இருக்கிறது. தகட்டைத் திறக்காமல் போட்டால் நீராவி போகாது. வெளியே எடுத்ததும் மூட மறந்தால் தூசி போகும், மூடினாலும் தகடு தேய்ந்த டிரம்மில் இடுக்கு இருக்கும். அப்புறம் ஒருமுறை திறந்த டிரம்மிலிருந்து சீட்டில் ஃபோர்செப்ஸ் எனும் நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாக நாள் முழுக்க எடுக்கிறோம். காலை எட்டு மணிக்கு எடுத்த பேடும் மாலை ஐந்துக்கு எடுத்த பேடும் ஒன்றா? காஸையும் பேடையும் ஒரு நோயாளிக்கு வேண்டிய அளவாகப் பிரித்துச் சின்னப் பவுச்சில் போடுங்கள். பவுச்சுக்குப் பணம் ஒதுக்குவதாக இருந்தால் முதலில் இதற்கு ஒதுக்குங்கள், செட்டுகள் இன்னும் கொஞ்ச நாள் துணியிலேயே இருக்கட்டும். எங்கள் பழைய டிரம் இரண்டு இன்னும் பேக்கிங் மேசையில்தான் இருக்கின்றன. ஒன்றில் டேப் ரோல், இன்னொன்றில் மார்க்கர் பேனா.